நமக்குள் வாழும் அயலார்

2020-ஆம் ஆண்டின் கோடையில் தென்காசிக் கடைத்தெருவில் மிகுதியாக ஒலித்த சொல் எது என்று கேட்டால், கொரோனா என்றே பலரும் விடை சொல்வர். நம் செவியில் அதைவிட அதிகமாக விழுந்த சொல் ‘எதிர்ப்புச் சக்தி’ என்பதே. தெருமுனைகளில் அண்டாவை வைத்துக் கபசுரக் குடிநீர் வழங்கியோர் அதைச் சொன்னார்கள். நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் மிளகும் அதிமதுரமும் வாங்கச் சென்றோர் அதைச் சொன்னார்கள். வீட்டுத் திண்ணையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்த பாட்டிமாரும் அதையே சொன்னார்கள். நாடு முழுவதும் தன் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கிக்கொள்ள முனைந்து நின்ற அந்நாள்களில், காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அதே சக்தியைக் குறைப்பதற்கான மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தோர் சிலர் இருந்தனர். அவருள் நாமும் ஒருவர்.

2013-ஆம் ஆண்டில் நமக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அளித்தவர் இன்னாரென்று நமக்குத் தெரியாது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பைப் பெறுகிறவருக்குக் கொடையாளரின் பெயர் சொல்லப்படுவதில்லை. அது நல்ல மரபு என்றே நாம் கருதுகிறோம். சாலை விபத்தில் இறந்த ஓர் இளைஞர் என்பதற்கு மேல் எதுவும் நமக்குச் சொல்லப்படவில்லை. அவர் எவ்வூரார், எச்சமயத்தார், எச்சாதியார் என்பதை நாம் அறியோம். அறியாத அவருடைய சிறுநீரகம் நம் வலப்புற அடிவயிற்றில் இருந்துகொண்டு இரவும் பகலும் நம் இரத்தத்தைத் தூய்மை செய்துகொண்டிருக்கிறது.

நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தூக்குச்சட்டியில் கபசுரக் குடிநீர் கொண்டுவந்தார். “குடிங்க சாமி, எதிர்ப்புச் சக்தி வரும்” என்றார். நமக்கு அந்தச் சக்தி வந்துவிடக்கூடாது என்பதற்காகவே மாதந்தோறும் பல்லாயிரம் ரூபாய்க்கு மருந்து வாங்குகிறோம் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? உடலின் காவலைத் தூண்டும் மூலிகைகள் எவற்றையும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது என்பது நமக்கு விதிக்கப்பட்ட கட்டளை. வாங்கி வைத்துக்கொண்டோம், அருந்தவில்லை. ஆனால் அவர் விடவில்லை, காரணம் கேட்டார். வாசற்படிக்கு அப்பால் அவரும் உள்ளே நாமுமாக அரைமணி நேரம் பேசினோம். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

உடல் நம் புளியரைச் சோதனைச் சாவடியைப் போன்றது. தன்னுடையது எது, அயலாருடையது எது என்று சோதித்துப் பார்க்காமல் அது எதையும் உள்ளே விடாது. அம்மைக் கிருமியை அது எதிர்ப்பது நமக்கு நன்மை. ஆனால் உயிர்காக்க வந்த சிறுநீரகத்தையும் அதே கண்ணோடுதான் அது பார்க்கும். அயலான் என்று கண்டதும் அழிக்கத் தொடங்கும். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் மரே, ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவர் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தி வெற்றி கண்டார் என்றால், அவ்விருவரும் ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர் என்பதே காரணம். ரிச்சர்டின் உடலுக்கு அது அயலாருடையதாகத் தோன்றவில்லை. இரட்டையர் அல்லாதார் என்ன செய்வது என்னும் கேள்விக்கு நிறைவான விடை கிடைக்கப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

அவ்விடை மண்ணிலிருந்து வந்தது என்பது நமக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. நார்வே நாட்டு மேட்டுநிலம் ஒன்றில் 1969-இல் அள்ளிய ஒரு பிடி மண்ணில் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பிறந்தது. நாம் உண்ணும் டாக்ரோலிமஸ், ஜப்பானில் சுகுபா மலையடிவாரத்து மண்ணில் 1984-இல் கண்டறியப்பட்ட நுண்ணுயிரின் கொடை. குற்றால மலையடிவாரத்தில் வாழும் நமக்கு, மழை பெய்து ஓய்ந்தபின் எழும் மண்வாசனை இப்போதெல்லாம் வேறொரு பொருளும் தருகிறது. எந்த மலையின் காலடியில் எவருடைய உயிர் புதைந்து கிடக்கிறதோ!

இம்மருந்துகள் உடலின் காவலரைக் கொல்வதில்லை. ‘இந்த அயலாரை இருக்கவிடு’ என்று அடக்கி வைக்கின்றன. ஆனால் அடங்கிய காவலர் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவரைத் தடுத்து நிறுத்துவாரா? கதவு சற்றே திறந்திருக்கிறது. வேண்டிய விருந்தினர் வந்த வழியாகவே வேண்டாதவரும் வரலாம். “அப்படின்னா சாமியைச் சுத்தி இருக்கிறவங்கதான் காவல் இருக்கணும்” என்றார் மூதாட்டி. எட்டு ஆண்டுகள் இறையியல் படித்த நாம் அதனினும் சுருக்கமாக இதைச் சொல்லியிருக்க இயலாது.

தமிழ் மக்களுக்கு உறுப்புக்கொடை புதிதன்று. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் அருகே விபத்துக்குள்ளாகி மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் வழங்க முன்வந்தனர். அவன் இதயம் சென்னை நகரின் நெரிசலைக் கடந்து பதினொரு நிமிடங்களில் ஒரு சிறுமியைச் சென்றடைந்த செய்தியை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டில்தான் மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புகளைப் பெற்று முறையாகப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. நமக்குக் கிடைத்த உறுப்பும் அத்திட்டத்தின் வழியே வந்ததுதான். திருஅவையும் இதில் தயங்கி நிற்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் வெளியிட்ட சுற்றுமடலில் உறுப்புக்கொடையை அன்றாட வாழ்வின் வீரச்செயல்களுள் ஒன்றாகப் போற்றினார்.

ஊரடங்கு தொடங்கியபோது தென்காசி மாவட்டம் பிறந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. 2019 நவம்பர் 22 அன்று பிறந்த அக்குழந்தை எழுந்து நிற்பதற்குள் கதவுகள் அடைபட்டன. முகத்தை மூடு, கையைக் கழுவு, கூட்டத்துக்குப் போகாதே, இருமுகிறவரை விட்டு விலகி நில் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் வந்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, ஒருவகை ஆறுதலும் வந்தது என்று சொன்னால் வாசகர் பிழையாகக் கொள்ளலாகாது. ஏழு ஆண்டுகளாக நாம் அப்படித்தான் வாழ்ந்தோம். திருமண வீட்டில் முகக்கவசத்தோடு நின்றதற்காகக் கேலிக்கு ஆளானவர் நாம். பச்சைக் காய்கறியும் வெட்டிவைத்த பழமும் உண்ணாமல் விருந்தளித்தோரின் மனத்தை வருத்தியவர் நாம். குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கும் பருவத்தில், தோலுரித்த பழத்தைக் கடைக்காரர் அன்போடு நீட்டினால் கை கூப்பி விலகிவிடுவோம். பம்பளிமாசோ அறவே ஆகாது. டாக்ரோலிமஸின் அளவை அது இரத்தத்தில் ஏற்றிவிடும். அருவிக்கரையில் வாழ்ந்துகொண்டு அருவியில் தலை நனைத்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. இறைவன் நமக்கு அளித்த தண்டனை அது என்று நண்பர் ஒருவர் நகைப்பதுண்டு.

2020-ஆம் ஆண்டுச் சாரலில் குற்றாலத்தில் குளிக்க எவருமில்லை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் தடுப்பு வைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் தேய்க்கும் தொழிலாளரும், துண்டும் சோப்பும் விற்போரும், விடுதிப் பணியாளரும் ஓராண்டு வருவாயை இழந்தனர். குரங்குகள் உணவின்றி ஊருக்குள் இறங்கின. நீர் மட்டும் யாருக்கும் பயன்படாமல் பாறையில் மோதிச் சிற்றாற்றில் சென்று கலந்தது. அக்காட்சியைத் தொலைவிலிருந்து பார்த்தோம். எல்லாரையும் நம் நிலைக்குக் கொண்டுவந்துவிட்ட அந்நோயை நினைத்து மகிழ இயலவில்லை. நமக்கு விலக்கு என்பது பழகிய ஒழுக்கம். அவர்களுக்கோ அது பட்டினி.

அடுத்து மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாற்றுறுப்புடன் வாழ்வோர் நோயைவிட அஞ்சியது மருந்துக் கடையின் வெறுமையை. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்றும் சில நாள் கிடைக்காவிட்டால் உடல் தன் பழைய வேலையைத் தொடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதிகை விரைவு வண்டியில் சென்னை சென்று மருத்துவரைக் கண்டு வந்த நமக்கு, மார்ச் மாதத்தில் அவ்வண்டியும் நின்றுபோயிற்று. மருத்துவர் தொலைபேசியில் நலம் கேட்டார். ஆனால் தொலைபேசி இரத்தத்தைச் சோதிக்காதே. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கத் தென்காசியில் எடுக்கும் இரத்தம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குப் பேருந்தில் செல்வது வழக்கம். பேருந்து இல்லை. அப்போது மதுரையிலிருந்து மருந்துப் பெட்டிகளை ஏற்றிவந்து வெறுமையாகத் திரும்பும் வண்டி ஒன்றின் ஓட்டுநரை மருந்துக் கடைக்காரர் நமக்கு அறிமுகம் செய்தார். கடையநல்லூரைச் சேர்ந்த இசுலாமிய இளைஞர். பனிக்கட்டி இட்ட சிறு பெட்டியில் நம் இரத்தத்தை வைத்து ஒரு காசு வாங்காமல் நான்கு முறை கொண்டு சேர்த்தார். அந்நாள்களில் எவர்மீது எவர் ஐயங்கொண்டு விலகி நின்றனர் என்பது வாசகருக்கு நினைவிருக்கும். பெட்டியைக் கையில் வாங்கியபோது அவ்விளைஞர், “இதுல எது உங்களுது, எது அந்தக் கொடுத்தவருது?” என்று வேடிக்கையாகக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

காத்திருந்தோர் நிலை நம்மினும் கடிது. நாடு முழுவதும் 2019-இல் 12,666 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகள் நடந்தன. 2020-இல் 7,443 மட்டுமே. இடைவெளியிலுள்ள ஐயாயிரத்துச் சொச்சம் பேரும் வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் எந்திரத்தின் அருகே, பலரோடு ஒரே அறையில், மணிக்கணக்கில் படுத்திருந்தவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு ‘வீட்டிலேயே இருங்கள்’ என்னும் அறிவுரையைக் கடைப்பிடிக்க வழியே இல்லை.

இனி, எழுதுவதற்குத் தயங்கி வைத்திருந்த பகுதிக்கு வருகிறோம்.

2021 மே மாதம். இரண்டாம் அலை. முதல் அலையின்போது மேலைநாடுகளில் நடந்த ஆய்வொன்று, தொற்றுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மாற்றுறுப்பினருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்ததைக் காட்டியிருந்தது. அது நமக்குத் தெரியும். நம் ஆயருக்கும் தெரியும். நோயுற்றோர் இல்லங்களுக்கு நாம் செல்லலாகாது என்று அவர் கட்டளையிட்டார். அண்டைப் பங்கின் இளங்குரு ஒருவர் அப்பணியை ஏற்றுக்கொண்டார். பாதுகாப்பு உடையணிந்து, வியர்வை சொட்டச் சொட்ட, ஒரே நாளில் மூன்று அடக்கச் சடங்குகளை அவர் நிறைவேற்றியதை நாம் அறிவோம்.

கபசுரக் குடிநீர் கொண்டுவந்த மூதாட்டிக்கு அம்மாதத்தில் மூச்சுத் திணறல் கண்டது. மருத்துவமனைப் படுக்கை கிடைக்கும்வரை வீட்டிலேயே வைத்திருந்தனர். நோயில்பூசுதல் வேண்டுமென்று அவர் மகன் இரவில் தொலைபேசியில் அழைத்தார். நாம் பேச வாயெடுக்குமுன்பே அவர், “நீங்க வரவேண்டாம் சாமி. அம்மையே சொல்லிட்டா. அந்தச் சின்னச் சாமியை மட்டும் அனுப்புங்க” என்றார். அவ்வீடு நம் இல்லத்திலிருந்து இரண்டு தெருக்கள் தள்ளி இருந்தது. இளங்குரு சென்று திருஎண்ணெய் பூசினார். நாம் தொலைபேசியில் செபித்தோம். மறுமுனையில் மூச்சின் ஒலி மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் பற்றியபோது பேராயர் சார்லஸ் பொரோமியோ நோயாளரிடையே நடந்து திரிந்தார். தமியான் அடிகள் 1873-இல் மொலோக்காய்த் தீவுக்குச் சென்று, தொழுநோயாளரோடு தொழுநோயாளராக 1889-இல் மரித்தார். இவர்கள் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை சொல்லிய வாய் நம்முடையது. “நீர் மட்டும் ஏன் கதவடைத்துக் கிடந்தீர்?” என்று எவரேனும் கேட்டிருந்தால் சினந்திருக்கமாட்டோம், விடை சொல்லியிருப்போம். அடைக்கலப் பொருளைக் கையில் வைத்திருப்பவன் ஆற்று வெள்ளத்தில் குதிக்குமுன் அப்பொருள் யாருடையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொரோமியோ தம் உயிரைத் தம் உயிராகவே எடுத்துச் சென்றார். நம்மில் ஒரு பகுதி, மகனை இழந்த ஒரு தாய், தேற்றுவார் இன்றி நின்ற அந்த நேரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தது. அதை வீரத்தின் பெயரால் செலவழிக்கும் உரிமை நமக்கு உண்டு என்று நாம் அன்றும் கருதவில்லை, இன்றும் கருதவில்லை. ஆயினும் விடை சரியாக இருப்பதனால் மட்டும் அந்த இரவின் மூச்சொலி காதைவிட்டுப் போய்விடுவதில்லை. இரண்டையும் சேர்த்தே சுமக்கிறோம்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். 2021 மார்ச் முதல் நாளில் அறுபது வயது கடந்தோருக்கும், நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையுள்ள நோயாளருக்கும் ஊசி தொடங்கியபோது, அரசு குறிப்பிட்ட இருபது நோய்நிலைகளின் பட்டியலில் சிறுநீரக மாற்றுப் பெற்றவர்களும் இருந்தனர். மருத்துவர் சான்றுடன் வரிசையில் நின்று மார்ச்சில் முதல் தவணையையும் ஏப்ரல் இறுதியில் இரண்டாம் தவணையையும் செலுத்திக்கொண்டோம். ஆனால் காவலரை அடக்கி வைத்த உடலுக்குத் தடுப்பூசியின் பாடம் எளிதில் ஏறுவதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர், மாற்றுறுப்பினருக்கு அங்கு வழங்கிய ஊசியின் இரண்டு தவணைகளுக்குப் பின்னும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே எதிர்ப்பொருள் உண்டானதைக் கண்டனர். அந்நாட்டில் 2021 ஆகஸ்டிலேயே இத்தகையோருக்கு மூன்றாம் தவணை இசைவு பெற்றது. இங்கே நம் வயதினருக்கு அது 2022 ஏப்ரலில்தான் கிட்டியது. அதற்குமுன் ஜனவரியில் நோய் நம்மையும் வந்து தொட்டது. மருத்துவர் மைக்கோபினோலேட்டை இரு வாரங்கள் நிறுத்திவைத்தார். மருந்தைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, குறைக்காவிட்டால் நுரையீரலுக்கு ஆபத்து. அந்தக் கயிற்றின்மேல் பதினான்கு நாள் நடந்தோம். கிரியேட்டினின் சற்றே ஏறிப் பின் இறங்கிற்று. அப்படியானால் நம்மைக் காத்தது எது? மருந்தும் ஊசியும் ஒரு பங்கு. பிறர் செலுத்திக்கொண்ட ஊசியும் பிறர் அணிந்த முகக்கவசமும் மற்றொரு பங்கு என்று துணிந்து கூறுவோம்.

2022-இல் சாரல் வந்தபோது குற்றாலம் மீண்டும் நிரம்பியது. செங்கோட்டைச் சாலையில் வண்டிகள் நகர இடமின்றி நின்றன. முகக்கவசங்கள் சாலையோரத்து ஈரத்தில் மிதிபட்டுக் கிடந்தன. மக்கள் தம் பழைய வாழ்வுக்குத் திரும்பினர். நாமும் நம் பழைய வாழ்வுக்குத் திரும்பினோம். அதாவது, கூட்டத்தில் முகம் மூடிய ஒரே மனிதராக மீண்டும் ஆனோம். இதில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேலி மட்டும் முன்போல் இல்லை. “சாமிக்கு இன்னும் கொரோனா போகலையா?” என்று கேட்ட ஒரு சிறுவனை அவன் தாய் அதட்டி அடக்கிவிட்டு, இருமல் வந்த அவனை நம்மைவிட்டு நாலடி தள்ளி நிறுத்தினார்.

இறந்த மூதாட்டியின் மகன் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிறார். வழக்கமாக முன்வரிசையில் அமர்பவர் அவர். சளி பிடித்திருக்கும் நாள்களில் மட்டும் முகக்கவசம் அணிந்து, கோவிலின் பின்புறச் சன்னலோரத்தில் நின்றுகொள்கிறார். நற்கருணைக்கும் வரிசையின் கடைசி ஆளாக வந்து, கைகளை நன்றாக நீட்டி, எட்டி நின்று பெற்றுக்கொண்டு போகிறார். அப்படிச் செய்யும்படி நாம் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.